நொக்கும் ஒதுக்கலும் எங்கே போயின?

மந்தைவெளி,
சென்னை.

அன்புள்ள பட்டு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. வலது கண்ணில் கேட்டராக்ட் எடுத்துவிட்டுச் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது தேவலை. எதிர் வீட்டு மாடியில் காயும் புடவையின் கரை வரை தெரிகிறது. இடது கண்ணுக்குத் தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே மாதத்தில் ஏழு சங்கீதப் புத்தகம் முடித்துவிட்டேன், பேத்தி போனில் போட்டுக் கொடுத்த ஏஐ எல்லாவற்றையும் சுருக்கித் தந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ஒரு வர்ணத்தை முடிக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டவள் நீ! சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நானும் அதே கூத்தை அடித்து, நாலு பேர் முன்னால் முழித்தவள்தான்.

எங்கள் குடியிருப்பில் ஆறேழு பேர் மாதம் ஒரு தடவை கூடுகிறோம். யாராவது ஒருவர் ஓர் இசைப் புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும், அப்புறம் சுண்டல், காபி. ஆவணியில் என் முறை. வாய் சும்மா இருக்காமல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்று சொல்லிவிட்டேன். சுப்பராம தீட்சிதர் தெலுங்கில் எழுதி 1904-ல் உங்கள் எட்டயபுரத்தில் அச்சான புத்தகம். 1,500 பக்கத்துக்கு மேல் போகும். மியூசிக் அகாடமி தமிழில் கொண்டுவந்த பாகங்கள் என் மாமனார் காலத்திலிருந்து பீரோவில் இருக்கின்றன. ஆனால் அப்போது கண் இருந்த நிலைமையில் அந்தப் பொடி எழுத்தை எங்கே படிப்பது? பேரனை உட்கார வைத்து முன்னுரையையும், ஸ்வரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிக்கும் கமகத்தைப் பற்றிய பகுதியையும் சில ராகங்களின் பக்கங்களையும் போட்டோ எடுத்து ஏஐயிடம் கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் பத்து அம்சங்கள் வந்து விழுந்தன.

படிக்க நன்றாகத்தான் இருந்தது. கமகம் நம் இசையின் உயிர், குருவிடம் நேரடியாகக் கற்பது அவசியம், மரபைக் காப்பது கடமை... இப்படியே பத்து. இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. தீட்சிதர் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த வித்வான் பெயரைப் போட்டாலும் அந்தப் பத்தும் பொருந்தும். கல்யாணப் பத்திரிகையில் பெயரை மட்டும் மாற்றுவது போல. ஆனாலும் தலைக்கு மேல் வேலை. அதையே பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அன்றைக்கு வந்திருந்தவர்களில் மூன்றாம் மாடி மாமி ஒருத்தி. எண்பது வயது. ஐம்பது வருஷம் வீணை சொல்லிக் கொடுத்தவள். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டாள். நான் ‘கமக வகைகள் பதினைந்து’ என்று கணீரென்று படித்து, திரிபம், ஸ்புரிதம், கம்பிதம், லீனம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மாமி கையை உயர்த்தி, “அதெல்லாம் சரிம்மா. அது ரத்னாகரத்துக் கணக்கு. நொக்கு எங்கே? ஒதுக்கல் எங்கே?” என்றாள். அச்செடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

வீட்டுக்கு வந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பிரித்தேன். மாமி சொன்னதுதான் சரி. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் சொன்ன பதினைந்தையும் தீட்சிதர் விளக்குகிறார்தான். ஆனால் அவர் வேலை அங்கே ஆரம்பிக்கிறது. வீணையில் விரல் என்ன செய்கிறது என்பதற்குத் தனித்தனிப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டு, அந்தக் குறியை ஸ்வரத்தின் தலையில் ஏற்றி வைக்கிறார். நொக்கு, ரவை, கண்டிப்பு, ஏற்றஜாரு, இறக்கஜாரு, ஒதுக்கல், ஒரிகை. சொல்லிப் பார், பட்டு. பாதிக்கு மேல் நம் வீட்டுத் தமிழ்ச் சொற்கள். ஒதுக்கு, இழு, வெட்டு என்று வீணை டீச்சர் நம் விரலைப் பிடித்துச் செய்ய வைத்ததெல்லாம் அங்கே பெயரோடு இருக்கிறது. சுருக்கத்தில் தங்கியது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் பதினைந்து. பறந்துபோனது இந்தப் புத்தகத்துக்கே உரிய அந்தப் பெயர்களும் குறிகளும்.

பேரன் கம்ப்யூட்டர் படிக்கிறான். ஏன் இப்படி என்று கேட்டேன். இந்த ஏஐ ஏராளமான எழுத்தைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகியது. ஒரு விஷயத்தைப் பற்றி ஊரெல்லாம் எப்படிப் பேசுகிறதோ அந்தப் பக்கமே சாயும் என்றான். இன்னொன்றும் சொன்னான். போட்டோவிலிருந்து எழுத்தை எடுக்கும்போது ஸரிகம மட்டும் வரும், தலைக்கு மேல் இருக்கும் புள்ளியும் கோடும் குறியும் பாதி உதிர்ந்துவிடும். யோசித்துப் பார். மேலே புள்ளி போனால் மேலே ஒலிக்க வேண்டிய தார ஸ்தாயி ஸ்வரம் நடுவிலிருக்கும் மத்ய ஸ்தாயிக்கு இறங்கிவிடும். கோடு போனால் காலம் மாறிவிடும். குறி போனால் தீட்சிதரே போய்விட்டார். மிச்சம் இருப்பதைத்தான் அது சுருக்குகிறது, அதுவும் கொஞ்சம்கூடத் தயங்காத குரலில். அந்தத் தயங்காத குரல்தான் என்னைக் கவிழ்த்தது. நம் டீச்சருக்கே ஒரு பிரயோகத்தில் சந்தேகம் வந்தால், “நாளைக்குச் சொல்றேன்” என்பாரே.

அப்புறம் வேண்டுமென்றே ஒரு பரீட்சை வைத்தேன். ஆரபி ராகத்துக்கும் தேவகாந்தாரி ராகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். இரண்டுக்கும் ஏறுவரிசையான ஆரோகணம் ஸரிமபதஸ, இறங்குவரிசையான அவரோகணம் ஸநிதபமகரிஸ, இரண்டும் 29-ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, சங்கராபரணத்திலிருந்து பிறந்த ஜன்யம், ஆரபி கம்பீரமானது, தேவகாந்தாரி உருக்கமானது என்று சொன்னது. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு வீணையில் என்ன செய்வாய்? ஆரபியில் காந்தாரத்திலும் நிஷாதத்திலும் நிற்காமல் தொட்டுவிட்டு ஓட வேண்டும். தேவகாந்தாரியில் ரிஷபத்தில் நின்று, இழுத்து, அவசரமில்லாமல் அசைத்துக் கொடுக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை நீ ஒரு மழைக்காலம் முழுக்க டீச்சரிடம் திட்டு வாங்கினாய். “தேவகாந்தாரி வாசிடீன்னா ஆரபிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி வாசிக்கிறியே” என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆரோகண அவரோகணம் என்பதே ராகத்தின் சுருக்கம்தானே? சுருக்கம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. சுருக்கினால் ஆரபியும் தேவகாந்தாரியும் ஒன்றாகிவிடும் என்பதும் நமக்குத் தெரியும். வேறு புத்தகங்களைச் சுருக்கலாம், பட்டு. சரித்திரம், அரசியல், இந்த உடம்பு இளைப்பது எப்படி என்று எழுதுகிறார்களே அது (அதைச் சுருக்கினால் இன்னும் நல்லது). வாசிப்பதைப் பற்றி, பாடுவதைப் பற்றி எழுதிய புத்தகத்தில் கருத்து கொஞ்சம்தான். மீதி எல்லாம் கைவேலை.

காய்ச்சல் என்றதும் நினைவு வருகிறது. பேரன் வெஸ்டர்ன் வயலினும் படிக்கிறான் இல்லையா, தேர்வுக்காக லியோபோல்ட் மோட்சார்ட் 1756-ல் எழுதிய வயலின் பாட நூலின் சுருக்கத்தை வைத்திருந்தான். பெரிய மோட்சார்ட்டின் அப்பா. பிள்ளை பிறந்த வருஷமே புத்தகமும் வந்தது. ‘ஸ்வரத்தை நடுக்குவதை அளவோடு பயன்படுத்த வேண்டும்’ என்று சுருக்கத்தில் ஒரு வரி. நூலகத்திலிருந்து முழுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், ஓயாத காய்ச்சல்காரர்களைப் போல ஒவ்வொரு ஸ்வரத்திலும் நடுங்கிக்கொண்டே வாசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று மனுஷன் சீறியிருக்கிறார்! எங்கோ ஆக்ஸ்பர்க்கில் அச்சான புத்தகம், திட்டு மட்டும் அச்சாக நம் டீச்சர். பேரன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். அடுத்த நாள் அவன் வில் போடும்போது நடுக்கம் குறைந்திருந்தது. அளவோடு என்று படித்தபோது குறையவில்லை.

ஏஐ ஒன்றுக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. தீட்சிதர் முன்னுரையின் தெலுங்கு மூலத்தில் ஒரு நீளமான வாக்கியம் எனக்குப் பிடிபடவே இல்லை. அதைப் பிரித்துப் பிரித்துச் சொன்னது. கீழ் வீட்டு நெல்லூர் அம்மாளிடம் காட்டினேன், சரியாகத்தான் இருக்கிறது என்றார். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் நல்ல துணை. புத்தகத்துக்குப் பதிலாக வைத்தால்தான் வம்பு. உன் ஏழு புத்தகத்தில் எத்தனை உன் வீட்டு அலமாரியில் இருக்கின்றன, சொல்?

அந்த முன்னுரையைப் படித்ததில் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. இந்தப் புத்தகம் பிறந்ததற்குக் காரணமே நம் சென்னைக்காரர் ஒருவர். சின்னசாமி முதலியார், எம்.ஏ. படித்தவர், அரசாங்க உத்தியோகஸ்தர், கிறிஸ்தவர். நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக் குறியீட்டில் எழுதி அச்சிட ஆரம்பித்து, சுப்பராம தீட்சிதரைத் தேடிப் பிடித்து, அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதி எழுதிப் பார்வை மங்கிப்போயிற்று. தன்னால் முடியாது என்று தெரிந்ததும் எட்டயபுரம் போய், ராஜாவின் முன்னிலையில், நீங்களே எழுதி வெளியிட வேண்டும் என்று தீட்சிதரைக் கேட்டுக்கொண்டார். என் தாளில் இதற்கு என்ன இருந்தது தெரியுமா? ‘சிலரின் ஊக்கத்தால் நூல் உருவானது.’ ஒரு கண்ணை மூடிக்கொண்டு பூதக்கண்ணாடியில் அந்தப் பக்கத்தைப் படித்தவளுக்கு அந்த ‘சிலர்’ பொறுக்கவில்லை.

புத்தகம் வந்து இரண்டு வருஷத்தில், 1906-ல், தீட்சிதர் காலமாகிவிட்டார். பாரதி அவருக்கு இரங்கற்பா பாடியிருக்கிறான். கோவில்பட்டியில் இருந்துகொண்டு நீ எட்டயபுரம் போய் எத்தனை வருஷம் ஆகிறது? பஸ் ஏறினால் அரை மணியோ முக்கால் மணியோ. முத்துசுவாமி தீட்சிதர் சமாதிக்கும் ஒரு நடை போய்விட்டு வா.

வேறென்ன. இந்தக் கோடையில் என் வீணையின் மெழுகு இளகி மேல் ஸ்தாயி மெட்டுகள் நகர்ந்துவிட்டன. பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ கேட்டது. போன வாரம்தான் ஆள் வந்து, மெட்டுகளை மெழுகில் மறுபடி பதித்து, மேளம் கட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் வேலை, வீடெல்லாம் மெழுகு வாசனை. வாசிக்க உட்கார்ந்தால் விரல் நுனி எரிகிறது. பழைய காய்ப்பு எல்லாம் போய்விட்டது. எண்ணெய் தொட்டுக்கொண்டு தினம் அரை மணி நேரம் ஆரபி மட்டும் வாசிக்கிறேன். மூன்றாம் மாடி மாமி வந்து கேட்டுவிட்டு, “கொஞ்சம் தேவலை” என்றாள். இதை நீ யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

புத்தகத்தில் ஆரபிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன், குறி எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி. உன் ஏஐயிடம் கொடுக்காதே. ஒரு வாரம் நீயே வைத்துப் பார். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் போனைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரு வரி வாசிப்போம்.

வீணையில் சாரணித் தந்தி அறுந்து சும்மா வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, மயிலாப்பூரில் இரண்டு சுருள் வாங்கிவிட்டேன். மார்கழி சீசனுக்கு வந்தால் கையில் தருகிறேன். வரவில்லை என்றால் கூரியர், அதற்கான காசை நீ தர வேண்டும்.

அன்புடன்,
செல்லா