படத்தின் அடியை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷே பற்றிய கட்டுரையோடு ஃப்ளோரா தேவதையின் முகத்தை அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். கீழே 'பூஷே வரைந்த பாஸ்டல் ஓவியம்' என்று குறிப்பு. பாஸ்டல் என்றால் வண்ணச் சாக்குக்கட்டியால் கையால் வரைவது. நீங்கள் போட்ட படம் பாஸ்டல் இல்லை, அச்சு. பூஷேயின் பாஸ்டலைப் பார்த்து 1769இல் அதை அச்சில் கொண்டுவந்தவர் லூயி-மரின் போனே. 250 வருஷம் கழித்தும் பார்ப்பவர் கண்ணை ஏமாற்றுகிறது என்றால் அந்த மனிதரின் கைவேலையை என்னவென்று சொல்வது!

ஆஃப்செட் அச்சகத்தில் முப்பது வருஷம் கழித்தவன் நான். நாலு கலரும் விலகாமல் ஒரே இடத்தில் விழும்படி ரெஜிஸ்டர் சேர்ப்பதற்குள்ளேயே எங்களுக்கு மூச்சு வாங்கும். போனே இந்த ஒரு முகத்துக்கு எட்டுச் செப்புத் தகடு செதுக்கினார். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு நிறம். ஒரே தாளில் ஒன்றன் மேல் ஒன்றாக எட்டும் விழ வேண்டும். செப்புத் தகட்டு அச்சுக்குத் தாளை நனைத்துத்தான் வைக்க வேண்டும். நனைந்த தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். கொஞ்சம் விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். அந்தப் படத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

சாக்குக்கட்டி தாளில் விட்டுச் செல்லும் பொடி போன்ற தடத்தை உலோகத்தில் எப்படிக் கொண்டுவந்தார்கள்? தகட்டின் மேல் மெழுகு பூசி, பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்றை அதில் உருட்டுவார்கள். மெழுகில் புள்ளி புள்ளியாகத் துளை விழும். அப்புறம் அமிலம் ஊற்றினால் துளை விழுந்த இடத்தில் மட்டும் செம்பு அரிக்கும். இந்த முறையை முதலில் நிலைநிறுத்தியவர் ஜான்-ஷார்ல் பிரான்சுவா. பாரிசில் 1736இல் பிறந்த போனே, இளம் வயதில் அவருடைய பட்டறையில்தான் தொழில் பழகினார். இடையில் ரஷ்யாவில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

வெள்ளை மைதான் அவருக்கு இருந்த பெரிய தலைவலி. ஈயத்திலிருந்து செய்யும் வெள்ளை நாளடைவில் கறுத்துவிடும். கறுக்காத வெள்ளை ஒன்றை அவரே உருவாக்கினார். ஃப்ளோராவில் ஒவ்வொரு தகடும் சேரச் சேர முகம் எப்படி வளர்கிறது என்று காட்டும் பிரதிகளையும் தொகுத்து வெளியிட்டார். நாங்கள் புரோகிரசிவ் புரூஃப் என்று சொல்வோமே, அதேதான்.

பிற்பாடு பொன்னிறச் சட்டகத்துக்குள் வைத்த மாதிரி தங்கத் தாள் வைத்துப் படங்கள் அச்சிட்டார். பிரான்சில் தங்கம் பயன்படுத்தக் கட்டுப்பாடு இருந்ததால், ஆங்கிலத் தலைப்பும் லண்டன் முகவரியும் போட்டு, செதுக்கியவர் 'எல். மரின்' என்று வெளிநாட்டுச் சரக்கு போலவே விற்றார். இவ்வளவு செய்தவர் தன் முழுப்பெயரைக்கூடத் தன் படத்தில் போட முடியாத நிலை. 1793இல் இறந்தார்.

அந்தக் கால அச்சுப் படங்களின் அடி ஓரத்தில் வழக்கமாக இடது பக்கம் வரைந்தவர் பெயரும் வலது பக்கம் செதுக்கியவர் பெயரும் இருக்கும். பக்கத்தில் இடம் பற்றவில்லை என்றால் லே-அவுட் செய்பவர் முதலில் வெட்டுவது அந்த ஓரத்தைத்தான். நானே எத்தனையோ படங்களில் வெட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. தயவுசெய்து இனி அச்சுப் படம் போடும்போது படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கியாவது அந்த அடி ஓரத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஃப்ளோரா படத்தைச் செதுக்கி அச்சிட்டவர் போனே என்று அடுத்த இதழில் ஒரு வரி திருத்தமும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி ஒருவர்