முழங்கால் போடுகிறவர்கள் கோழைகளா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் கிறிஸ்தவர்களைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் அதே பேச்சுதான். சொந்தக் காலில் நிற்கத் தைரியம் இல்லாதவன்தான் முழங்கால் போடுவான் என்பது அவருடைய வாதம். பாவமன்னிப்பு, கண்ணீர், ஜெபம், பரலோகம் எல்லாமே வாழ்க்கையில் தோற்றுப்போனவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் என்கிறார். இதற்கெல்லாம் பதில் எழுதாதீர்கள், மதச்சண்டை என்பார்கள் என்று என் மகன் தடுத்தான். சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை. அவர் சொன்னதில் பாதி சரி என்றே நினைக்கிறேன், மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் சேகரத்தில், அதாவது போதகர் ஒருவரின் பொறுப்பில் உள்ள சபைகளில், ஞாயிறு ஆராதனையில் ஜெபக் குறிப்புகளை வாசிப்பார்கள். கேட்டுப் பாருங்கள். கிட்னி, கடன், கல்ஃபில் போன வேலை, நீட் தேர்வு, கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லாத கவலை, குடியை விட முடியாத மகன். எல்லாம் நன்றாகப் போகிறது, சும்மா வந்தேன் என்று ஒருவரும் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. முடியாதவர்கள்தான் வருகிறோம். இதில் மறைக்க என்ன இருக்கிறது, வேதத்திலேயே மறைக்கவில்லையே! பேதுரு ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்குப் பயந்து, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று சாதித்தவர். ஆண்டவரே கெத்செமனேயில் தரையில் விழுந்து, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்றுதான் முதலில் கேட்டார். பலசாலிகளின் மதம் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டவர்கள் எழுதியிருந்தால் இந்த இரண்டு இடத்தையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்திருப்பார்கள்.

குற்றச்சாட்டும் பழசுதான். ஜெர்மனியில் நீட்சே என்ற தத்துவவாதி நூறு வருஷத்துக்கும் முன்பே இதை இன்னும் காரமாகச் சொல்லிவிட்டுப் போனார், அவர் ஒரு போதகரின் மகன் என்பது வேறு விஷயம்.

சரி, பயந்தவர்கள், நொந்தவர்கள் வருகிறார்கள். வந்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்? இதை அவர் பார்க்கவே இல்லை, அதுவும் குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு.

நட்டாலம் நீலகண்டப் பிள்ளைக்கு என்ன குறை இருந்தது? 1712-ல் நல்ல குடும்பத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரசாங்கத்தில் உத்தியோகம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவைத் தெரிந்துகொண்டு, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்குப் பிறகு நடந்தது நம்மூர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உத்தியோகம் போயிற்று, அடி, சிறை, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானம், கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உயிராவது மிஞ்சியிருக்கும். ஆறுதலுக்காக மதத்தைப் பிடித்துக்கொண்டவன் முதல் அடியிலேயே சொல்லியிருப்பான், இவர் வருஷக்கணக்கில் சொல்லவில்லை. கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மாறியவர்கள் என்று எங்களைக் கிண்டல் செய்கிறவர்களிடம் நான் இவரைப் பற்றித்தான் கேட்பேன், கைக்கு என்ன வந்தது அவருக்கு? 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது கத்தோலிக்கர் அல்லாத எங்கள் வீட்டிலும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம்.

அவராவது அரசாங்க ஆள். மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்துப் பெண்கள் யார்? பெண் என்பதால் ஒரு படி கீழே, சாதியால் இன்னும் பல படி கீழே. ரவிக்கை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனால் நடுத்தெருவில் கிழிப்பார்கள் என்று தெரியும். தெரிந்தேதான் போட்டுக்கொண்டு போனார்கள். 1822-ல் கல்குளம், இரணியல் பக்கம் தொடங்கிய இந்தக் கலகம் விட்டு விட்டு 1859 வரை நடந்தது, ஜெபவீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26-ல் மகாராஜா அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்றுதான் கொடுத்தார்! மிஷனரிகளுக்கு இதில் அவர்களுடைய கணக்கு ஒன்று இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சந்தையில் அடி வாங்கியது மிஷனரி இல்லை. கடவுள் உன்னையும் தம் சாயலில்தான் படைத்தார் என்று ஜெபவீட்டில் கேட்டதை அந்தப் பெண்கள் அப்படியே நம்பினார்கள், நம்பியதைச் சந்தை வரைக்கும் கொண்டுபோனார்கள். தைரியம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் பட்டா போட்ட சொத்து என்று சொல்ல வரவில்லை, அதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிமிர்ந்து நில் என்று சொல்லி அதற்காகச் சிறைக்கும் போனவர்தான்.

பலவீனர்கள்தான் வருவார்கள் என்கிறாரே, நம் மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்த இங்கிலாந்து டாக்டர் சோமர்வெல்லை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்? முதல் உலகப்போரில் பிரான்சிலுள்ள சோம் போர்க்களத்தில் அறுவை சிகிச்சை செய்தவர், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தவர். இரண்டாவது தடவை ஆக்சிஜன் இல்லாமல் கிட்டத்தட்ட 28,000 அடி வரை போய்விட்டு, இறங்கும்போது குளிரில் கெட்டுப்போன தொண்டைச் சதை அடைத்துக்கொண்டு மூச்சு நிற்கிற கட்டத்துக்கு வந்து, நெஞ்சை ஓங்கி அமுக்கி அதை வெளியே துப்பிப் பிழைத்தவர். முதல் எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைக்க இருந்த பெரிய இடத்தை விட்டுவிட்டு இங்கேயே இருபது வருஷத்துக்கு மேல் கத்தியும் கையுமாக இருந்தார். இவரும் முழங்கால் போட்டவர்தான். ஆறுதல் தேவைப்பட்டு நெய்யூர் வெயிலுக்கு வந்தார் என்று சொன்னால் மலை ஏறுகிறவர்கள் சிரிப்பார்கள்.

பழைய கதை வேண்டாம் என்றால் ஒக்கி புயலுக்கு வாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் நீரோடி முதல் இரையுமன்துறை வரை எட்டு மீனவ ஊரிலும் அழுகை. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, எங்கே என்று சொல்ல ஆளும் இல்லை. கோயிலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த அதே ஜனங்கள்தான் தங்கள் படகை எடுத்துக்கொண்டு கடலில் தேடப் போனார்கள், காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று பாதிரியார்களோடு நடந்தே குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போய் இருட்டிய பிறகும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபித்துக்கொண்டு வீட்டிலேயே இருங்கள், பரலோகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் அவருக்கு. இனி எங்கள் ஆட்களிடம் கொஞ்சம் பேச வேண்டும், இதையும் வெட்டாமல் போடுங்கள்.

அந்த வாசகர் எங்களைப் பலவீனர்கள் என்றதும் நம்மவர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் கொதித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மாவட்டத்தில் நாம் எத்தனை சதவீதம் தெரியுமா, எத்தனை காலேஜ், எத்தனை ஆஸ்பத்திரி, எந்தக் கட்சியும் நம்மைக் கேட்காமல் வேட்பாளரை நிறுத்த முடியுமா என்று ஒரே முழக்கம். 2011 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 47 சதவீதம், உண்மைதான். அதற்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்? தேவசகாயம் பிள்ளைக்குப் பின்னால் எத்தனை சதவீதம் நின்றது? கூட்டத்தைக் காட்டிப் பலம் பேசினால் எங்கே போய் முடியும் என்பதை இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்களிடம் கேளுங்கள், இரண்டு பக்கத்திலும் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்துக் கோபுரத்தைவிட ஐந்தடி உயர்த்திக் கட்டுவது, சபைத் தேர்தலில் தோற்றதும் கோர்ட்டுக்கு ஓடுவது, இதெல்லாம் பயந்தவன் செய்கிற வேலை.

இன்னொரு கூட்டம், காணிக்கை போட்டால் இரட்டிப்பாக வரும், ஜெபித்தால் சுகர் மாத்திரையே வேண்டாம் என்று மைக் போட்டுச் சொல்கிறது. என் பலவீனத்தில் கர்த்தருடைய பலம் என்று வேன் கண்ணாடியில் எல்லாம் எழுதி வைக்கிறோம், பவுல் அதை எந்த இடத்தில் எழுதினார் என்று யாராவது முன்பின் படிக்கிறோமா? உடம்பில் முள் போல ஒரு வேதனை, எடுத்துவிடும் என்று மூன்று தரம் கெஞ்சினார், எடுக்கப்படவில்லை. கேட்டது கிடைக்காதவன் எழுதிய வரி அது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் சீதனத்தில்தான். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு, நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஜெபத்தோடுதான் ஆரம்பித்தார்கள், அருமையான ஜெபம், ஈசாக்குக்கு ரெபெக்காளைக் கொடுத்தவரே என்றெல்லாம். ஆமென் சொன்ன வாயோடு நூற்றியொரு பவுன் என்றார்கள், கார் தனி. தோள்சீலைக்கு அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் என்று மேடையில் பேசுகிற குடும்பம் அது. பெண்ணின் அப்பா ரப்பர் தோட்டத்தை விற்கலாமா என்று யோசிக்கிறார், வேண்டாம் என்று எழுந்துவர அவருக்கும் தைரியம் இல்லை, அவரை எழுப்ப எங்களில் ஒருவருக்கும் இல்லை. போன இதழ் வாசகர் அன்றைக்கு அங்கே வந்து, பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அதனால் எங்கள் போதகர்களுக்கும் பங்குத்தந்தைகளுக்கும் ஒரு யோசனை. கல்யாணத்துக்கு முன்னால் சபையில் ஓலை வாசிக்கிறோம், இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை இருந்தால் தெரிவியுங்கள் என்கிறோம். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் என்று வாசித்த கையோடு, பேசி முடித்த பவுனையும் ரொக்கத்தையும் வண்டியையும் சேர்த்து வாசியுங்கள். எத்தனை மாப்பிள்ளை வீட்டார் அந்த ஞாயிறு சர்ச்சுக்கு வருகிறார்கள் என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கருங்கல், குமரி மாவட்டம்.