அம்மாடி, நீ போட்ட மழை கார்டு வந்துச்சு

அம்மாடி, நல்லாருக்கியா, நேரத்துக்கு சாப்புடு. டோக்கியோல இருந்து நீ போட்ட கார்டு வந்துருச்சு. ஜப்பான் ஓவியர் ஹிரோஷிகே 1857ல போட்ட படம் தானே, பாலத்து மேல திடீர்னு மழை புடிச்சு ஆளுங்க குடைக்குள்ள குனிஞ்சு ஓடுறாங்களே, அது. உங்கம்மா ஷோகேஸ்ல வெச்சுட்டா, நான் எடுத்து லென்ஸ் வெச்சு பாத்தேன், சிவகாசி பிரஸ்ல கெடந்த கண்ணு சும்மா இருக்குமா. பூரா புள்ளி. நாங்க பொங்கல் வாழ்த்து அடிச்ச அதே நாலு கலர் ஆப்செட் மெஷின் அச்சு.

அசல்ல புள்ளியே கிடையாதும்மா. செர்ரி மரப் பலகையில கோட்டுக்கு ஒண்ணு, அப்புறம் கலருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா செதுக்குவாங்க, வரையறவர் வேற செதுக்குறவர் வேற அச்சடிக்கிறவர் வேற. அந்த மழைக்கோட்டை நல்லா பாரு, அது கீறுன கோடு இல்ல, மயிரிழை மாதிரி கோட்டை மட்டும் நிக்க விட்டுட்டு சுத்தியிருக்கிற மரத்தை எல்லாம் எடுத்திருக்காங்க, உளி கொஞ்சம் பிசகுனாலும் போச்சு. மெஷினும் இல்ல, ஈரப்படுத்துன பேப்பரை பலகை மேல போட்டு பாரென்னு சொல்ற, மூங்கில் மட்டை சுத்துன ஒரு வட்டத்தட்டால தேய்க்கிறது தான். ரிஜிஸ்டர், அதான் ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உக்கார்றது, அது விலகாம இருக்க நாங்க மெஷினோட மல்லுக்கட்டுவோம், அவங்க பலகை ஓரத்துல சின்னதா ரெண்டு வெட்டு வெச்சு அதுல பேப்பரை முட்டக்குடுத்தே அத்தனை கலரையும் உக்கார வெச்சிருக்காங்க, நெனைச்சா எனக்கு இப்பவும் மலைப்பா இருக்கு.

அந்த ஊர்ல பல கலர் அச்சு பெருகுனதே புதுவருஷ வாழ்த்தால தான், தெரியுமா. அப்ப அவங்க காலண்டர்ல எது 30 நாள் மாசம் எது 29 நாள் மாசம்னு வருஷா வருஷம் மாறும். 1765 வாக்குல எடோவுல, அதான் இப்ப நீ இருக்கிற டோக்கியோ, வசதியானவங்க அந்த மாச நம்பரையெல்லாம் கிமோனோ டிசைனுக்குள்ள ஒளிச்சு வெச்சு படம் அடிச்சு ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிட்டாங்க, யாரோடது ஒசத்தின்னு ஒரே போட்டி, அதுல தான் ஹருனோபு மாதிரி ஓவியருங்க கலர் மேல கலரா ஏத்துனாங்க. பின்னாடி சுரிமோனோன்னு வந்துச்சு, கவிதையும் படமும் சேர்ந்தது, மை இல்லாம வெறுமனே அழுத்தி எடுத்த டிசைன் கூட இருக்கும், விரல் வெச்சா தட்டுப்படும்.

அதனால இந்த தடவை கையால அடிச்ச கார்டா பாத்து வாங்கு, வெல கூட இருந்தாலும் பரவால்ல, செதுக்குற கைக்கு வேலை இருக்கணும்ல. வாங்குறப்ப பின்பக்கம் திருப்பி பாரு, கலர் லேசா ஊறி வந்திருக்கும், தேய்ச்ச தடம் தெரியும்.

ஆபீஸ்ல எல்லாருக்கும் புதுவருஷ வாழ்த்து போடு. டிசம்பர் 15ல இருந்து 25க்குள்ள போட்டா அங்க போஸ்ட்காரங்க சரியா ஜனவரி 1 அன்னைக்கு கொண்டு போய் குடுப்பாங்க. உன் டீம்ல அம்மா தவறிட்டாங்கன்னு சொன்னியே ஒரு பொண்ணு, அதுக்கு மட்டும் புதுவருஷ வாழ்த்து போட்டுறாத, துக்க வீட்டுக்கு அங்க போட மாட்டாங்க. ஜனவரி 7 கழியட்டும், குளிருக்கு ஒடம்பை பாத்துக்கோன்னு விசாரிச்சு தனியா ஒரு கார்டு எழுதும்மா.

அப்பா