முதலில் அந்த வால்வைத் திறந்துவிடுங்கள்: எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் வணக்கம்.

இரண்டாம் மாடியில் குடியிருப்பவன் எழுதுகிறேன். போன மாதம் நானும் மெயிண்டனன்ஸைப் பத்து நாள் தாமதமாகத்தான் கட்டினேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாம் மாடி வாத்தியார் வீட்டுக்கு மட்டும் தண்ணீரை அடைத்துவிட்டீர்கள்.

அவர் ஆறு மாத பாக்கி வைத்திருப்பது உண்மைதான். ஏன் வைத்திருக்கிறார் என்பதும் நமக்குத் தெரியும். இரண்டு ஐப்பசியாக அவர் படுக்கையறையில் ஒழுகுகிறது. கட்டிலை நகர்த்திவிட்டு அண்டா வைத்திருக்கிறார்கள். மொட்டை மாடி பொது இடம், சங்கம் பார்க்கட்டும் என்கிறார் அவர். ஏசிக்குத் துளை போட்டதால் வந்த வினை என்கிறீர்கள் நீங்கள். சரி, ஒரு இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டினோமா? இல்லை. வாட்ஸ்அப்பில் விடிய விடியச் சண்டை போட்டோம். அப்புறம் நோட்டீஸ் போர்டில் அவர் பெயர் ஏறியது. அப்புறம் வால்வு.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறோம். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் பேராவூரணிக் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேரும் என்று டீக்கடையில் கவலைப்படுகிற ஆட்கள் நாம். நம் கட்டடத்துக் கடைமடை நாலாம் மாடி.

வாடகை பாக்கி என்பதற்காகக் குடித்தனக்காரருக்குத் தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. குடித்தனக்காரருக்கே அப்படி என்றால், வாத்தியாரோ சொந்த வீட்டில் இருக்கிறார். பாக்கியை வசூலிக்க நோட்டீஸ் அனுப்பலாம், வழக்குப் போடலாம். வால்வு அதற்கான வழி இல்லை.

இதில் என் வயிற்றெரிச்சல் வேறு. 2016ஆம் ஆண்டின் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, சாவி கொடுத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நாம் சாவி வாங்கி நாலு வருஷம் முடிந்துவிட்டது. பில்டருக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதாமல் நமக்குள் முட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் நிம்மதியாக அடுத்த மனையில் பூஜை போட்டுவிட்டார்.

வரவு செலவைக் காட்டச் சொல்லி வாத்தியார் கேட்டதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டீர்கள். பதிவு பெற்ற சங்கத்தில் கணக்குக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மனு கொடுத்தால் பதிவாளர் விசாரிக்கலாம். நாம் 24 வீடு; எட்டுக் கையெழுத்துப் போதும். மிரட்டவில்லை, நான் இன்னும் பேனாவை எடுக்கவில்லை.

வாத்தியாரிடமும் பேசினேன். ஒழுகலை எப்போது பார்ப்பீர்கள் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தால் மூன்று மாத பாக்கியை உடனே கட்டுவாராம். அவர் பக்கமும் தப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் பொருளாளரைப் பேசியது அதிகம். அதற்கு வருத்தம் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் முடியவில்லை என்றால், கோர்ட்டில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் இரு தரப்பும் போய் உட்காரலாம். கட்டணம் கிடையாது. அந்தக் குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் எழுதிக்கொள்ளும் சமரசம் சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. அவர் வரத் தயார். நீங்கள் வருவீர்களா என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

ஆனால் தண்ணீர் ஞாயிறு வரை காத்திருக்காது. லிஃப்டில் குடம் ஏற்றக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதனால் அவர் வீட்டம்மா எங்கள் வீட்டில் பிடித்த குடத்தோடு இரண்டு மாடி படியேறுகிறார். வால்வுச் சாவி செயலாளர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. இன்று சாயங்காலம் மோட்டார் போடுவதற்கு முன்னால் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடிக்காரன்