கன்னம் வைக்க ஒரு கட்டை: துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

தச்சர் ஐயாவுக்கும், கோச் மேடத்துக்கும், துப்பாக்கி வேலை செய்யும் கன்ஸ்மித் அண்ணனுக்கும், தம்பிக்கும், பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும், அக்காவுக்கும் வணக்கம்.

எனக்கென்று செய்துகொண்ட இடக்கை ரைஃபிள் முடிந்துவிட்டது. மூன்று வாரத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று உங்கள் எல்லோரிடமும் தனித்தனியாகச் சவால் விட்டிருந்தேன். 14 மாதம் ஆகியிருக்கிறது. ஒருவர்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. முதல் நன்றி அதற்கே.

மற்றவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இடக்கைக்காரன். குறி பார்க்கும் கண்ணும் எனக்கு இடதுதான். பயிற்சிக்குக் கிடைத்த .22 ரைஃபிள்கள் அத்தனையும் வலக்கைக்காரர்களுக்காகச் செய்தவை. அவற்றில் கன்னம் வைக்கிற மேடு கட்டையின், அதாவது ரைஃபிளைத் தாங்கும் மரப்பகுதியின், இடப்பக்கம் இருக்கும். என் கன்னமோ வலப்பக்கம் வந்து விழும். அங்கே மொட்டை மரம். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டின் கைப்பிடியும் வலப்பக்கம்தான். படுத்துச் சுடும்போது வலது கை வாரில் மாட்டி ரைஃபிளைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இடது கையை விசையிலிருந்து எடுத்து, ரைஃபிளுக்கு மேலாகத் தாண்டி, அந்தப் பக்கத்து போல்ட்டை இழுக்க வேண்டும். அதற்குள் தோள் நகர்ந்திருக்கும், முழங்கை நகர்ந்திருக்கும். 50 மீட்டர் குறித்தாளில் பத்து வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். தோள் ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், அது எங்கேயோ போய்விடும்.

அதனால் எனக்கென்று ஒன்று செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். உரிமமும் வாங்கியாயிற்று, ரைஃபிளின் நடு இரும்புப் பகுதியான, இடக்கை போல்ட் உள்ள ஆக்‌ஷனும் வாங்கியாயிற்று. கட்டை, பேரல் என்கிற குழல், பேரலுக்குள் தோட்டா உட்காரும் அறை எல்லாவற்றையும் வீட்டு லேத்திலும் மேஜையிலும் நானே செய்துவிடலாம் என்றுதான் கன்ஸ்மித் அண்ணனிடம் போய் நின்றேன்.

அண்ணே, நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: “மரம் உன் வேலை. இரும்பு என் வேலை.”

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். நீங்கள் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விளக்கிய பிறகுதான் உறைத்தது. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிவிளிம்புக்குள்தான் இருக்கிறது. போல்ட்டில் உள்ள ஊசி அந்த விளிம்பைப் பேரலின் முகத்தோடு வைத்து நசுக்கினால்தான் பற்றும். அந்த விளிம்பு உட்காருவதற்கு இருக்கும் இடம் ஏறக்குறைய 1.1 மில்லிமீட்டர். அது அதிகமானால் சில தோட்டா வெடிக்கும், சில வெடிக்காது. மெல்லிய பித்தளை விளிம்பு கிழிந்து வாயு முகத்துக்கு வரவும் கூடும். குறைந்தால் போல்ட்டை மூடும்போதே விளிம்பு நசுங்கும். “நீ கற்றுக்கொள்ளும்போது கெடுக்கிற முதல் அறை உன் கண்ணுக்கு நாலு விரல் முன்னால் இருக்கும், தெரியுமா?” என்று கேட்டீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டீர்கள். அன்று அரை நாள் நீங்கள் எதையும் வெட்டவே இல்லை. பேரல் சரியாக மையத்தில் சுழல்வதற்காக, அதை லேத்தின் நான்கு தாடைப் பிடியான சக்கில் பிடித்து, மயிரிழை அசைவையும் காட்டும் டயல் கேஜின் ஊசியைப் பார்த்துக்கொண்டு ஒரு தாடையைத் தளர்த்துவதும் எதிர்த்தாடையை இறுக்குவதுமாகவே போயிற்று. ஊசி அசையாமல் நின்றதும் நிம்மதியாகத் தொடங்குவீர்கள் என்று பார்த்தால், மறுபக்கத்துக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். நான் கொட்டாவி விட்டதைப் பார்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். முடிந்ததும் பேரலைக் கொடுத்துவிட்டு, “இதில் இனி உன் அரம் படக் கூடாது” என்றீர்கள். படவில்லை அண்ணே.

அடுத்தது மரம்.

தச்சர் ஐயா, வால்நட் பலகையை உங்களிடம் கொண்டுவந்தபோது அன்றைக்கே அறுத்துவிடும் அவசரத்தில் இருந்தேன். நீங்கள் அதை விரல் கணுவால் தட்டிப் பார்த்தீர்கள். தராசில் வைத்தீர்கள். எடையையும் தேதியையும் பலகையின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, இரண்டு முனைகளிலும் மெழுகு தடவிப் பரணில் ஏற்றிவிட்டீர்கள். “வாரம் ஒரு தடவை எடை போடு. எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது வா.” 11 வாரம். என் வாழ்க்கையில் ஒரு மரக்கட்டையை இத்தனை தடவை எடை போட்டவன் நானாகத்தான் இருப்பேன். உள்ளே ஈரம் இருக்கும்போது குடைந்திருந்தால், காய்ந்ததும் மரம் திரும்பிக்கொண்டு பேரலைப் பக்கவாட்டில் தள்ளியிருக்கும் என்பது இப்போது புரிகிறது.

கட்டையின் உருவத்தை அட்டையில் வெட்டி, பலகையில் அழகான ரேகை விழுந்த இடத்தில் வைத்தேன். நீங்கள் அந்த அட்டையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தீர்கள். அழகு போயிற்று. ஆனால் கை பிடிக்கிற இடத்தில், கட்டை ஒடுங்குகிற கழுத்தில் ரேகை நீளவாக்கில் ஓடிற்று. கட்டை உடைந்தால் அங்கேதான் உடையும் என்றீர்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் “ரேகை கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கலாமே” என்கிறார்கள். நான் கழுத்தைத் தட்டிக் காட்டுகிறேன்.

இனி அக்கா. உன் லிப்ஸ்டிக் எங்கே போயிற்று என்று ஒரு மாதம் தேடினாய். ஆக்‌ஷன் மரத்துக்குள் உட்காரும் குழியை அளவெடுத்து வெட்ட முடியாது, தேய்த்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். ஆக்‌ஷனின் அடிப்பாகத்தில் மெலிதாகச் சாயம் பூசி, குழியில் நேராக இறக்கி, லேசாகத் தட்டி, நேராகவே தூக்க வேண்டும். மரத்தில் எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். ஒரு சுரண்டலுக்கு வருவது சீரகத் தோல் கனம்தான். மறுபடி பூச்சு, மறுபடி இறக்கு, மறுபடி தூக்கு. முதல் நாள் மூன்றே மூன்று சிவப்புப் புள்ளி. நாள் போகப் போகப் புள்ளிகள் பெருகும். அடிமுழுக்க ஒரே சீராகச் சிவந்தால் ஆக்‌ஷன் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். விளக்குக் கரியும் போதும் என்று தச்சர் ஐயா சொன்னார். கரி வால்நட்டின் கறுப்பில் தெரியவில்லை. உன் லிப்ஸ்டிக் தெரிந்தது. நான் செய்தது திருட்டுத்தான்.

கோச் மேடம், உங்களுக்கு என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கட்டையின் வடிவத்தை நான் படங்களில் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் உடம்பில் தேடச் சொன்னீர்கள். பாயில் படுக்கச் சொல்லி, “கண்ணை மூடு. மூச்சை விடு. தளர்ந்துவிடு. இப்போது திற” என்றீர்கள். திறந்தால் குறி இரண்டு வளையம் தள்ளி இருந்தது. கையால் இழுத்துச் சரிசெய்யப் போனேன், மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. இடுப்பை நகர்த்தி மறுபடி கண்ணை மூடச் சொன்னீர்கள். உடம்பு தானாகப் போய் நிற்கிற இடத்தில்தான் குறி இருக்க வேண்டும். தசையால் பிடித்து வைத்த குறி விசை அழுத்தும் நேரத்தில் நழுவிவிடும். இதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். படுத்துக்கொண்டு கேட்டபோதுதான் ஏறியது.

அப்புறம் பழைய ரைஃபிளின் கட்டையில் ஸ்பாஞ்சும் அட்டையும் வைத்து டேப் சுற்றி, என் கன்னத்துக்கு ஒரு மேடு எழுப்பினீர்கள். ஒவ்வோர் அட்டையாகச் சேர்த்து, கழுத்தை வளைக்காமலே கண் பின்குறியின் துளைக்கு நேரே வந்து விழும்வரை. பார்க்க அடிபட்டுக் கட்டுப் போட்ட ரைஃபிள் மாதிரி இருந்தது. என் புதுக் கட்டையின் கன்னமேட்டுக்கு அளவு அந்தக் கட்டிலிருந்து வந்ததுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. கட்டையின் நீளத்தை ஜாக்கெட் போட்டுக்கொண்டு அளக்கச் சொன்னீர்கள். வீட்டில் புழுக்கம், பனியனோடு அளந்தேன். சுடுதளத்தில் தடித்த கான்வாஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தோளில் வைத்தால் கட்டை 12 மில்லிமீட்டர் கூடுதல் நீளம். விரல் விசைக்கு எட்டாமல் நுனியால் கொக்கி போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் பேசாமல் ஜாக்கெட்டின் தோளை இரண்டு விரலால் பிடித்து அதன் கனத்தைக் காட்டிவிட்டுப் போனீர்கள். அன்று மாலையே அறுத்தேன்.

தம்பி, உன் பொறுமையைச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து முதல் தடவை சுட்டபோது தோட்டாக்கள் தாளில் சோழி உருட்டினாற்போல் சிதறின. நான் தோட்டாவைக் குறை சொன்னேன், காற்றைக் குறை சொன்னேன், பேரலைக்கூடக் குறை சொல்லத் தொடங்கினேன் (அண்ணே, மன்னிக்கவும்). நீதான் டயல் கேஜைக் கொண்டுவந்து கட்டையின் முன்முனையில் மாட்டி, ஊசியைப் பேரலில் தொடவைத்து, இரும்பை மரத்தோடு இறுக்கும் முன் திருகாணியைத் தளர்த்தினாய். ஊசி கால் மில்லிமீட்டர் ஓடிற்று. திருகாணியை இறுக்கும்போதெல்லாம் ஆக்‌ஷன் வளைந்துகொண்டிருந்திருக்கிறது. லிப்ஸ்டிக் சொன்ன அளவுக்கு என் உளி நேர்மையாக இல்லை போலும். குழியின் அடியை எபாக்சி என்கிற இறுகும் பசை ஊற்றிச் சமப்படுத்தினோம். ஆக்‌ஷனுக்கு மெழுகு பூச மறந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஆயுளுக்கும் பிரியாது என்று நீ மூன்று தடவை நினைவூட்டினாய். மூன்றாவது தடவைதான் பூசினேன். மறுநாள் தளர்த்திப் பார்த்தபோது ஊசி அசைந்தும் அசையாமலும் நின்றது. பேரல் மரத்தைத் தொடவில்லை என்று உறுதிசெய்ய, இரண்டுக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து ஆக்‌ஷன்வரை தடையில்லாமல் இழுத்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரே, உங்களுக்கு ஒரே வரி, ஆனால் பெரிய வரி. கட்டைக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டிருந்தேன். எட்டிப் பார்த்தவர், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று சத்தம் போட்டு, ஒவ்வொன்றையும் பிரித்துக் கொடியில் காயப்போட வைத்தீர்கள். நீங்கள் அன்று வராமலிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

எடை 5.6 கிலோ வந்திருக்கிறது. போட்டி விதி 8 கிலோ வரை அனுமதிப்பதால் பிரச்சினை இல்லை. போன வாரம் படுத்த நிலையில் 10 தோட்டா சுட்டேன், அதில் ஏழு தோட்டா பத்து வளையத்தில். மீதி மூன்றும் என் தப்பு என்பது ஒவ்வொன்றும் கிளம்பும்போதே எனக்குத் தெரிந்தது. பழைய ரைஃபிளில் அது தெரிந்ததே இல்லை. மேடம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “சரி, இனி ரைஃபிளைச் சொல்ல முடியாது” என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

தச்சர் ஐயா, பலகையில் மிச்சமான துண்டைப் பரணிலேயே வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி, டயல் கேஜ் என்னிடம்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தருகிறேன். அக்கா, புது லிப்ஸ்டிக் வாங்கிவிட்டேன். கடையில் ஒரே சிவப்பில் பதினேழு சிவப்பு இருந்தது. கட்டையைக் கழற்றிக் குழியின் ஓரத்தில் ஒட்டியிருந்த நிறத்தோடு வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். அதுதானா என்று பார்த்துச் சொல்.