பண்பாட்டு மானிடவியலை விருப்பப் பாடமாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர் பயிற்சியிலும் சமூகப்பணிப் படிப்பிலும் பாடச்சுமை கூடிவிட்டது, பண்பாட்டு மானிடவியல் (மக்களோடு பழகி அவர்கள் வாழும் விதத்தைப் புரிந்துகொள்ளும் துறை) போன்ற தாள்களை விருப்பப் பாடமாக்கிவிடலாம் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நாளைக்கு வகுப்பில் நிற்கப் போகிறவருக்கு, யார் யாருக்கு என்ன உறவு என்று காட்டும் உறவுமுறை வரைபடம் எதற்கு என்பது அவர் கேள்வி. அந்தத் தாளை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கேள்வியில் பாதி நியாயம்தான். வரைபடத்தை மனப்பாடம் செய்து, தேர்வில் வரைந்துவிட்டு, மறுநாளே மறந்துபோகிறவர்களை நானும் ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன். அதற்காகப் பாடத்தையே தூக்கிவிடச் சொன்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

என் மாணவர்களிடம் நான் பிடிவாதமாகக் கேட்பது களக்குறிப்பு நோட்டு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும். வலப்பக்கம் அதைப் பற்றி நினைத்தது. அவ்வளவுதான். ஆனால் எழுத உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். ஒரு மாணவி, பாடத்தில் பின்தங்கிய ஒரு பையனின் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, இடப்பக்கத்தில் "வீட்டில் படிக்கும் சூழல் இல்லை" என்று எழுதியிருந்தார். "சரிம்மா, அங்கே என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். டிவி ஓடிக்கொண்டிருந்ததாம். பையன் தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தானாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, எழுதுவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கச் சொன்னாராம், புரியாத இடத்தில் நிறுத்தி, "அப்படின்னா என்னடா?" என்று கேட்டாராம். அப்புறம் எது இல்லை? மேசை இல்லை. அந்த மாணவி எதுவும் பேசாமல் ஒரு அம்புக்குறி போட்டு, அந்த வாக்கியத்தை வலப்பக்கத்துக்கு நகர்த்தினார். பாட்டியைப் பற்றி இடப்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தார்.

இதைப் பொழுதுபோகாதவர்கள் செய்யும் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆசிரியரும் சமூகப்பணியாளரும் எழுதுகிற வரிகள் கோப்பில் ஏறுகின்றன. "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை", "மந்தமான குழந்தை" என்று ஒருவர் எழுதிவைத்தால், அடுத்து வருகிறவர் அந்தக் கோப்பைப் படித்துவிட்டுத்தான் குழந்தையையே பார்க்கிறார்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற பூர்வகுடிப் பகுதி இருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று ஆசிரியர்கள் குறைபட்டார்கள். சூசன் பிலிப்ஸ் என்ற மானிடவியலாளர் வகுப்பறையிலும் வீடுகளிலும் உட்கார்ந்து பார்த்து, 1972இல் எழுதினார். எல்லோர் முன்னாலும் தனியாக எழுந்து நின்று பதில் சொல்லும்போதுதான் அந்தப் பிள்ளைகள் மௌனமாக இருந்தார்கள். குழுவாக வேலை செய்யும்போதும், ஆசிரியரிடம் தனியாகப் பேசும்போதும் நன்றாகவே பேசினார்கள். ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற மானிடவியலாளர் 1983இல் வெளியிட்ட ஆய்விலும் இதே மாதிரி ஒரு விஷயம் வருகிறது. அவர் பார்த்த கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில், பதில் தெரிந்த கேள்வியைப் பெரியவர்கள் குழந்தைகளிடம் கேட்பதில்லை. பள்ளியிலோ ஆசிரியர் புத்தகத்தைக் காட்டி "இது என்ன நிறம்?" என்கிறார். இவருக்கே தெரியுமே, நம்மிடம் எதற்குக் கேட்கிறார் என்று பிள்ளை முழிக்கிறது. பதிலே தெரியவில்லை என்று டீச்சர் குறித்துக்கொள்கிறார்.

சமூகப்பணி மாணவர்களுக்கு நான் சொல்வது வேறொரு சம்பவம். லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து கலிபோர்னியாவின் மெர்செட் நகரில் குடியேறிய, மோங் என்ற மலைவாழ் இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், வலிப்பு நோய் உள்ள பெண் குழந்தை. ஆன் ஃபாடிமன் என்ற எழுத்தாளர் 1997இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மருத்துவர்கள் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது, எழுதப் படிக்கவும் தெரியாது. ஆன்மா பயந்து உடலை விட்டுப் போனதால் வந்த நோய் என்று நம்பினார்கள். மருந்து ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று 1985இல் குழந்தைகள் நலத் துறையினர் குழந்தையைப் பிரித்து வளர்ப்புக் குடும்பத்தில் விட்டார்கள். கொஞ்ச நாளில், அந்த வளர்ப்புத் தாய் தன் சொந்தக் கைக்குழந்தையையே மோங் அம்மாவிடம் பார்த்துக்கொள்ளக் கொடுக்கும் அளவுக்கு அவரை நம்ப ஆரம்பித்துவிட்டார். கோப்பில் அந்த மோங் அம்மா பிள்ளையைச் சரியாகக் கவனிக்காத தாய்!

ஆர்தர் கிளைன்மன் மனநல மருத்துவர், மானிடவியலாளரும்கூட. நோயாளியிடம் கேட்க அவர் சில கேள்விகளை வகுத்துக் கொடுத்திருக்கிறார். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அந்த நேரத்தில் வந்தது? உங்களுக்கு எது ரொம்பப் பயமாக இருக்கிறது? ஒரு சமூகப்பணியாளர் இவற்றை மனப்பாடமாக வைத்திருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்கு ஆட்சேபணை இருப்பது இன்னொரு விதமான பாடத்தில். "இந்தச் சமூகத்தார் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள், அந்தச் சமூகத்தார் இப்படித்தான் பிள்ளை வளர்ப்பார்கள்" என்று பட்டியல் போட்டுக் கொடுத்து, அதற்குப் பண்பாட்டுப் பயிற்சி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் அந்த வாசகர் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன். கிளைன்மனே 2006இல் ஒரு கட்டுரையில் இதைக் கண்டித்திருக்கிறார். அதில் வரும் மெக்சிகோ வம்சாவளித் தந்தை ஒருவர், எச்ஐவி தொற்றுள்ள தன் நாலு வயது மகனை மருத்துவமனைக்கு ஒழுங்காக அழைத்து வருவதில்லை. அவர்கள் பண்பாட்டில் நோயைப் புரிந்துகொள்ளும் விதமே வேறு என்று மருத்துவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். உட்கார்ந்து விசாரித்தால், நோயைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சொற்பச் சம்பளத்தில் பஸ் ஓட்டுகிறவர், பல நாள் நள்ளிரவு ஷிப்ட், மருத்துவமனைக்கு வர நேரமில்லை. ஷிப்டைப் பண்பாடு என்று எழுதிவைத்தால் குழந்தைக்கு என்ன லாபம்?

இந்தத் துறை ஒன்றும் புனிதமானதும் இல்லை. காலனி ஆட்சிக்கு எடுபிடி வேலை பார்த்த சரித்திரம் அதற்கு உண்டு. பப்புவா நியூ கினியைச் சேர்ந்த ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் மக்களோடு மக்களாக வாழ்ந்து களப்பணிக்கு இலக்கணம் வகுத்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியின் நாட்குறிப்பு, அவர் இறந்த பிறகு 1967இல் வெளியானது. அந்த மக்கள் மீது அவருக்கு இருந்த எரிச்சலும் இளக்காரமும் அதில் அப்பட்டமாக இருக்கின்றன. என் மாணவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கோ அந்த நாட்குறிப்பு வெளிவந்தது நல்லது என்றுதான் தோன்றுகிறது. அதுதான் அவருடைய வலப்பக்கம். வலப்பக்கத்தை எழுதாமல் விட்டால் அதில் இருப்பதெல்லாம் இடப்பக்கத்துக்குள் நுழைந்துவிடும்.

அரிசோனாவின் டூசான் நகரில் ஆசிரியர்களையே ஆய்வாளர்களாக மாணவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். லூயிஸ் மோல் என்ற கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1992இல் அதைப் பற்றி எழுதினார்கள். மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் விவசாயம், கட்டுமானம், மருத்துவம், வியாபாரம் என்று எவ்வளவோ அறிவு இருப்பதை ஆசிரியர்கள் நேரில் பார்த்தார்கள். மெக்சிகோ மிட்டாய் விற்கும் ஒரு பையனை வைத்து ஒரு டீச்சர் மிட்டாயையே பாடமாக்கினார். பெற்றோர் ஒருவர் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்துகாட்டினார்.

ஆகவே பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு என் கோரிக்கை: தாள் கட்டாயமாகவே இருக்கட்டும், மூன்று மணி நேர எழுத்துத் தேர்வை எடுத்துவிடுங்கள். ஒரு குடும்பம், ஒரு நோட்டு, ஒரு செமஸ்டர். குடும்பத்தின் சம்மதம் முன்கூட்டியே வாங்க வேண்டும், நோட்டில் பெயர் இருக்கக் கூடாது. மதிப்பெண் நோட்டுக்கு. மனப்பாடம் செய்ய ஒன்றும் இருக்காது, பாடச்சுமையும் குறைந்துவிடும். அந்த வாசகர் கேட்டதும் அதுதானே?

இப்படிக்கு,
ஆசிரியர் பயிற்சி விரிவுரையாளர் ஒருவர்