சிரித்துவிட்டுப் போகிற சத்தமா அது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்வெளி யுகத்துப் பாட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐம்பது, அறுபதுகளில் ராக்கெட்டும் நிலாவும் பறக்கும் தட்டும் மேல்நாட்டு இசைத்தட்டுகளுக்குள் புகுந்த கதையைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே நல்ல விஷயம். ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நமுட்டுச் சிரிப்போடுதான் எழுதியிருக்கிறார். ஸ்டீரியோ பெட்டி விற்கக் கம்பெனிகள் செய்த வித்தை, ஓட்டல் வரவேற்பறைச் சங்கீதம், இன்றைக்குக் கேட்டால் வேடிக்கை. இவ்வளவுதான் சாரம். போகிற போக்கில் 1962இல் வந்த ‘டெல்ஸ்டார்’ என்ற வாத்தியப் பாட்டையும் அமெரிக்கக் கணக்கில் சேர்த்துவிட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப்போடும் பிளேடோடும் பிழைப்பு நடத்தியவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஸ்டீரியோ விஷயத்தில் அவர் சொல்வது பாதி நியாயம். 1958இல் அமெரிக்காவில், ஒலியை இடம், வலம் என்று பிரித்துத் தரும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. இரண்டு ஸ்பீக்கர் வாங்கியவன் அண்டை வீட்டுக்காரனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்ட ஏதாவது வேண்டுமே! அந்தத் தேவைக்குப் பொருத்தமாக வந்து சேர்ந்தவர் மெக்சிகோக்காரரான இசைக்குழுத் தலைவர் எஸ்கிவெல். வலப்பக்கத்தில் ஒரு பித்தளை வாத்தியம் சீறும், இடப்பக்கத்தில் பாடகர்கள் ‘ஸூ ஸூ’ என்பார்கள். 1962இல் ஒரு இசைத்தட்டுக்காக வாத்தியக் குழுவை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி ஸ்டுடியோக்களில் உட்காரவைத்துப் பதிவு செய்தார். இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கத்து மைக்கில் கசியக்கூடாதாம். இதை வித்தை என்று சொல்லிக்கொள்ளட்டும். எனக்குச் சண்டையில்லை. கெட்டிக்கார வித்தை.

ஆனால் கட்டுரையாளரின் கணக்கு ‘மியூசிக் அவுட் ஆஃப் த மூன்’ என்ற இசைத்தட்டு விஷயத்தில் உதைக்கிறது. அது வந்தது 1947இல். ஸ்டீரியோ தட்டு கடைக்கு வரப் பதினோரு ஆண்டு இருக்கிறது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் மேலே போகப் பத்து ஆண்டு இருக்கிறது. ஹாரி ரெவெல் மெட்டமைக்க, லெஸ் பாக்ஸ்டர் இசைக்குழுவை நடத்த, அதில் தெரமின் வாசித்தவர் சாமுவேல் ஹாஃப்மன். தெரமின் என்பது ரஷ்யரான லெவ் தெர்மென் உருவாக்கிய மின்னணு வாத்தியம். தொடாமலே வாசிக்க வேண்டும். ஒரு கம்பிக்கு முன்னால் கையை அசைத்தால் சுருதி மாறும், இன்னொன்றுக்கு முன்னால் அசைத்தால் ஒலி கூடும், குறையும். ஹாஃப்மனின் தொழில் என்ன தெரியுமா? கால் வைத்தியம். பகலில் பாதத்தைப் பிடித்துப் பார்த்தவர், மாலையில் காற்றைப் பிடித்து வாசித்தார். வேடிக்கை என்று இதையும் ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் 1969 ஜூலையில் நிலாவில் நடந்துவிட்டுத் திரும்பும் வழியில் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் போட்டுக் கேட்ட டேப்பில் இருந்தது இந்த இசை. அங்கே போய்வந்த மனிதர் சிரிப்பதற்காக அதைக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி டெல்ஸ்டாருக்கு வருகிறேன். டெல்ஸ்டார் என்ற செயற்கைக்கோள் அமெரிக்காவுடையது. அதன் பெயரில் வந்த பாட்டு லண்டனுடையது. ஹாலோவே ரோடு, 304ஆம் எண், கீழே தோல் சாமான் கடை, மேலே வாடகைக் குடியிருப்பு. அதுதான் ஜோ மீக்கின் ஸ்டுடியோ. விமானப்படையில் ராடார் வேலை பார்த்துவிட்டுப் பிறகு ஒலிப்பதிவாளர் ஆனவர். ஸ்வரம் எழுதத் தெரியாது. மனதில் இருக்கும் மெட்டைத் தாமே முனகி டேப்பில் பிடித்து வாத்தியக்காரர்களிடம் கொடுப்பார். அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு மெட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு அறையில் வாத்தியம், இன்னொரு அறையில் கருவிகள், எக்கோவுக்குக் குளியலறை. பெரிய ஸ்டுடியோக்களில் ஒலியளவு காட்டும் மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டால் முகம் சுளிப்பார்கள். இவருக்கு அந்தச் சிவப்பில்தான் சுவை.

1962 ஜூலை 10ஆம் தேதி டெல்ஸ்டார் மேலே போனது. மறுநாளே அட்லாண்டிக்கைத் தாண்டித் தொலைக்காட்சிப் படம் வந்தது. அதைப் பார்த்துக் கிறங்கிப்போய் மீக் மெட்டுப் போட, டொர்னாடோஸ் குழு வாசித்தது. அவர்களுக்கோ கிரேட் யார்மத்தில் மேடை நிகழ்ச்சி. வாசிப்பை முடித்துவிட்டு ஓட வேண்டிய அவசரம். அவர்கள் போன பிறகு ஜெஃப் காடர்ட் என்பவரைக் கூப்பிட்டு, கிளாவியோலின் என்ற மின்னணு வாத்தியத்தை வாசிக்கவைத்து, அந்தப் பதிவின் மேலே ஏற்றினார் மீக். நாம் ‘டெல்ஸ்டார்’ என்று அடையாளம் கண்டுகொள்ளும் குரல் அந்தக் கிளாவியோலினுடையதுதான். ஆகஸ்டில் தட்டு வந்தது, அக்டோபரில் இங்கிலாந்தில் முதலிடம், டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம். அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் குழு இதுதான். பீட்டில்ஸ் அந்த இடத்துக்கு வந்தது 1964இல். இன்னொன்று, ஸ்டீரியோ, ஸ்டீரியோ என்று கட்டுரை முழுக்கச் சொல்கிறாரே, டெல்ஸ்டார் தட்டு மோனோ, இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலி. அது எந்தப் பெட்டியை விற்க வந்தது?

கிளாவியோலின் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுக்காரரான கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947இல் உருவாக்கியது. பியானோவின் பலகைக்குக் கீழே மாட்டிக்கொள்ளும் சின்ன விசைப்பலகை, வால்வில் ஓடுவது, கூடவே ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி. ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் வரும். நம் மூத்தவர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள், பெயர்தான் தெரியாது. 1954இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தில் ஊரையே ஆட்டிவைத்த மகுடி நினைவிருக்கிறதா? ஹேமந்த் குமாரின் இசைக்காக அந்த மகுடியைக் கல்யாண்ஜி வாசித்தது கிளாவியோலினில்தான். பம்பாயில் பாம்பாட்டியானது, எட்டு ஆண்டு கழித்து லண்டனில் செயற்கைக்கோளானது. பம்பாயில் அந்தக் கருவிக்கு முன்மாதிரி இருந்தது: மகுடி எப்படி ஒலிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதற்குக் கிட்டத்தில் வந்தால் வெற்றி. லண்டனில் அப்படி எதுவும் கிடையாது. செயற்கைக்கோள் எப்படிப் பாடும் என்று யாருக்குத் தெரியும்? மீக் சொன்னதுதான் சட்டம்.

நான் சொல்ல வந்ததும் இதைத்தான். அதுவரை வெகுஜன இசையில் ஒலிப்பதிவாளனின் வேலை பெரும்பாலும் நடந்ததை நடந்தபடி பிடிப்பது. வயலின் வயலின் மாதிரி, குரல் குரல் மாதிரி. மாறினால் தப்பு அவன் தலையில். விண்வெளி என்று ஒரு தலைப்பு வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அங்கே யாரும் போனதில்லை, அங்கத்துச் சத்தம் இதுவல்ல என்று சொல்ல ஆளில்லை. டேப்பைத் திருப்பிப் போடு, வேகத்தைக் கூட்டு, எக்கோவைக் குவி, கேட்பவன் ஒத்துக்கொள்வான். மீக்கே 1960இல் ‘ஐ ஹியர் எ நியூ வேர்ல்ட்’ என்று நிலாவாசிகளின் இசையைச் செய்து பார்த்தார். தண்ணீரில் குழல் வைத்துக் குமிழி விட்டார், பால் பாட்டிலைக் கரண்டியால் தட்டினார். ஒரு சின்னத் தட்டாக அதில் ஒரு பகுதிதான் அப்போது வெளிவந்தது. முழுசாக வெளிவந்தது 1991இல், அவர் செத்து இருபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. இன்றைக்குப் படுக்கையறையில் லேப்டாப் வைத்து ஒற்றை ஆளாகப் பாட்டுச் செய்கிற பிள்ளைகள் ஹாலோவே ரோட்டு வம்சம்தான்.

கட்டுரையாளர் சிரித்துக்கொண்டே கடந்துபோன காலம் அப்படியொன்றும் கவலையில்லாத காலமும் இல்லை. டெல்ஸ்டார் மேலே போவதற்கு முந்தின நாள், 1962 ஜூலை 9, பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஒரு அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அந்தக் கதிர்வீச்சு டெல்ஸ்டாரின் டிரான்சிஸ்டர்களைக் கெடுத்தது. நவம்பர் கடைசியில் கோள் பேச்சை நிறுத்திக்கொண்டது. ஜனவரியில் தட்டி எழுப்பினார்கள். பிப்ரவரியில் ஒரேயடியாக ஓய்ந்தது. டிசம்பரில் அமெரிக்க ரேடியோக்களெல்லாம் ‘டெல்ஸ்டார்’ என்று முழங்கியபோது, மேலே நிஜ டெல்ஸ்டார் ஊமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மீக்குக்கும் அந்த வெற்றி ஒட்டவில்லை. மெட்டு என்னுடையது என்று ழான் லெத்ரு என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குப் போட்டார். ராயல்டி முடங்கியது. 1967 பிப்ரவரி 3ஆம் தேதி அதே ஹாலோவே ரோட்டு வீட்டில் மீக், வீட்டுக்கார அம்மாளைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்தக் கொலைக்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை; மேதை என்ற பெயரில் அதை மழுப்பி எழுதுபவர்களைக் கண்டாலும் எனக்கு ஆகாது. வழக்கு மீக் பக்கம் தீர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

சோவியத் பக்கத்தைக் கட்டுரை தொடவே இல்லை. அங்கே பெட்டி விற்கிற கம்பெனியும் கிடையாது. 1960இல் மாஸ்கோ வானொலிக்கு அவசரமாக ஒரு விண்வெளிப் பாட்டு தேவைப்பட்டது. அனுபவசாலிகள் நேரம் போதாது என்று நழுவ, அங்கே வேலை பார்த்த விளாதிமிர் வொய்னோவிச் என்ற இளைஞர் எழுதிக் கொடுத்தார். ஆஸ்கர் ஃபெல்ட்ஸ்மன் மெட்டு, ‘புறப்பட 14 நிமிடம்’ என்று பெயர். அதில் விநோதச் சத்தம் ஏதும் கிடையாது, நாலு பேர் சேர்ந்து பாடுகிற பாட்டு. 1962 ஆகஸ்டில் சோவியத் விண்வெளி வீரர்கள் நிகொலாயெவும் பொபோவிச்சும் தனித்தனி விண்கலங்களில் சுற்றியபடியே அதைப் பாடினார்கள். வரவேற்பு விழாவில் சோவியத் தலைவர் குருஷ்சேவே அதன் வரிகளைச் சொன்னார். ‘புறப்படுமுன் ஒரு சிகரெட்’ என்றிருந்த வரி பிறகு ‘புறப்படுமுன் ஒரு பாட்டு’ என்று மாறியது. விண்வெளி வீரன் புகைக்கலாமா! எழுதியவர் பிற்பாடு அரசுக்கு ஆகாதவராகி, 1981இல் குடியுரிமையையே இழந்தார்.

நம் பங்குக்கு 1963இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த ‘கலை அரசி’ இருக்கிறது. அதில் வேற்றுக் கிரகத்தார் இங்கே வந்து பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தங்கள் ஊரில் கலை இல்லையென்று. மற்றவர்களெல்லாம் விண்வெளியிலிருந்து புதுச் சத்தம் வருமா என்று காது கொடுத்தபோது, விண்வெளியே நம்மிடம் பாட்டு வாத்தியார் தேடி வந்ததாக எடுத்தது நாம்தான். அந்தத் தன்னம்பிக்கை எனக்குப் பிடிக்கும்.

அடுத்த இதழில் ‘டெல்ஸ்டார், லண்டன், ஜோ மீக்’ என்று ஒரு வரித் திருத்தமாவது போடுங்கள். மீக் விட்டுப்போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட டேப்புகள் தேயிலைப் பெட்டிகளில் கிடந்தன. 2020இல் ஒரு இங்கிலாந்து கம்பெனி அவற்றை வாங்கி, ஒவ்வொன்றாக வெளியிட்டுவருகிறது. கட்டுரையாளருக்கு மனமிருந்தால் அடுத்த கட்டுரையை அங்கிருந்து தொடங்கட்டும். ஒரு வேண்டுகோள், கேட்கும்போது மொபைல் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர்,
சென்னை